துளையின் அளவு

கரண்ட் போனது எனக்குச் சாதகமா, பெனடிக்டுக்குச் சாதகமா என்று பிடிபடவில்லை. கேள்வியை அவன் கேட்டு முடித்த அதே மூச்சில் போனது. "ஏனுங்கய்யா, சாஃப்ட்டா வெக்கட்டுங்களா, இறுக்கமா வெக்கட்டுங்களா?" என்றான், டிரில்லிங் மெஷின் முனகிக்கொண்டே நின்றது, மேலே டியூப்லைட் அணைந்தது, பட்டறை முழுக்க ஆயில் வாசனை திடீரென்று கூடின மாதிரி இருந்தது. "வந்துருமுங்க. அதுக்குள்ள யோசிச்சு வைங்க" என்று கையைத் துணியில் துடைத்தபடி வெளியே போய்விட்டான். யோசிக்க வேண்டிய விஷயம் என்றால் நேற்றே போனில் கேட்டிருக்கலாம். என்னை வீட்டிலிருந்து போத்தனூர் வரைக்கும் வரவழைத்து, காலையில் இரண்டு வண்டிகளை ஓட்டவைத்து, அப்புறம் கேட்பானேன். மேசைமேல் பழைய வேட்டித் துண்டில், நான் ஓட்டி நிறுத்தினதும் என் வண்டியிலிருந்து அவன் கழற்றின தகடு கிடக்கிறது. என் இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த அகலம். கரையான் அரித்த பலகை போல எங்கே பார்த்தாலும் துளை. வண்டியின் அடியில், புதிதாக மாட்டிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் வயிற்றுக்குள் இருக்க வேண்டியது இது. ஆயில் இந்தத் துளைகள் வழியாக ஓடித்தான் கியரை மாற்றுகிறதாம். துளை சின்னதாக இருந்தால் ஆயில் தயங்கித் தயங்கிப் போகும், கியர் மாறுவதே தெரியாது. இரண்டு மூன்று துளைகளைப் பெரிதாக்கினால் ஆயில் ஒரே பாய்ச்சலாகப் போகும், கியர் டொக்கென்று விழும், முதுகில் ஆள் தட்டின மாதிரி. தகட்டின் பக்கத்தில் மூன்று டிரில் பிட்டுகளை வரிசையாக வைத்திருக்கிறான், சின்னது, நடுத்தரம், பெரியது. பெரிதாக்கிய துளையைத் திரும்பச் சின்னதாக்க முடியாது. இதை அவன் சொல்லவில்லை, நானே புரிந்துகொண்டேன். ஏன் சொல்லவில்லை?

எதையும் கேட்டுப் பழகியவனில்லை நான். கேட்டால் எதிராளி முகம் மாறும், அதைப் பார்க்கக் கூச்சம். அதனால் பார்த்துக்கொண்டிருப்பேன், எண்ணிக்கொண்டிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பில் எண்ணுவது ஒன்றுதான் ஒழுங்காக வந்தது. இப்போது எண்ணிக்கொண்டிருப்பது தப்பாகப் பட்ட விஷயங்களை. முதலாவது டீ. வந்ததும் பெனடிக்ட் டீ வாங்கிவந்து கொடுத்தான், சர்க்கரை இல்லாமல். பத்து வருஷமாக இந்தப் பட்டறைக்கு வருகிறேன், என் டீயில் சர்க்கரை இல்லாமல் இருந்ததே இல்லை. எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னது சித்திரையில், அதைக் கேட்டவர்கள் நானும் என் மகள் தேன்மொழியும்தான். நான் சொல்லவில்லை. அப்படியானால் அவள் சொல்லியிருக்கிறாள். சர்க்கரையைச் சொன்னவள் கால் மரத்ததைச் சொல்லாமல் விட்டிருப்பாளா? ஆனால் கால் விஷயம் அவளுக்கே முழுசாகத் தெரியாதே. டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு ஒன்றை உள்ளங்காலில் வைத்து வைத்து எடுத்து "தெரியுதுங்களா? இப்ப?" என்று கேட்டபோது, அவர் சட்டைக்கை உரசும் சத்தத்தைக் கேட்டுத்தான் "தெரியுதுங்க, தெரியுதுங்க" என்றேன். இடது காலில் கொஞ்சம் நிஜமாகவே தெரிந்தது. வலது காலில் சத்தம் மட்டும்தான். ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது காலுக்கு வேலையே இல்லை, எல்லாம் வலது கால்தான், ஆக்சிலேட்டரும் அதுவே, பிரேக்கும் அதுவே. டாக்டர் எழுதிக்கொண்டார். தேன்மொழி பக்கத்தில் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த வாரம், வாசல் கேட்டுவரை போய்ப் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, செருப்பு" என்றாள். வலது செருப்பு பாதி வழியிலேயே கழன்று கிடந்தது. இரண்டும் காலில் இருப்பதாகத்தான் நான் நடந்து வந்தேன். வெறும் "அப்பா, செருப்பு", அவ்வளவுதான். ஆனால் எப்படிச் சொன்னாள் என்றால், தொட்டிலில் தூங்குகிற குழந்தை பக்கத்தில் பேசுகிறவள் போல. அன்றையிலிருந்து அந்தக் குரல்தான். முன்பெல்லாம், "உப்பு ஜாஸ்தின்னா ஜாஸ்திதான், தின்னுட்டு எந்திரிங்க" என்று சொல்கிறவள். இப்போது, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கறீங்களாப்பா" என்கிறாள்.

மெதுவாகப் பேசுகிறவர்களை நம்பக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததே பெனடிக்ட்தான், அது அவனுக்குத் தெரியாது. போன மாதம் வண்டியில் இரண்டே கியர் உள்ள பழைய பாக்ஸை இறக்கி, பம்பாயிலிருந்து வந்த, நாலு கியர் உள்ள பாக்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோது, வண்டியடியில் படுத்தபடி சொன்னான். "சாஃப்ட்டுன்னா சொகுசுன்னு நினைக்கறாங்க ஐயா. உள்ள கிளட்ச் பிளேட் சட்டுனு புடிக்காம கொஞ்ச நேரம் வழுக்கும். அந்த வழுக்கலைத்தான் நாம சொகுசுங்கறோம். வழுக்கி வழுக்கி பிளேட்டு தேஞ்சு போகும்." அப்படியானால் தேன்மொழி என்னிடம் எதையோ பிடிக்காமல் வழுக்கிக்கொண்டிருக்கிறாள். சொல்ல வேண்டியது ஒன்று உள்ளே தேய்கிறது. அது என்ன என்று யோசிக்கப் பெரிய மூளை தேவையில்லை: நான் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது. அதை நேராகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, பெனடிக்டை வைத்து என் வாயிலிருந்தே வரவழைக்கப் பார்க்கிறாள். காலையில் நடந்ததற்கு வேறு என்ன அர்த்தம்? முதலில் என் வண்டியை ஓட்டச் சொன்னான், கம்பெனி வைத்தபடி சாஃப்ட். அப்புறம் யாரோ வாடிக்கையாளரின் வண்டி, அது இறுக்கம். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கியர் மாறும்போது சொல்லுங்க ஐயா" என்றான். விளையாட்டுப் போலத்தான் சொன்னான். என் வண்டியில், எஞ்சின் சத்தம் ஏறி ஏறி ஒரு இடத்தில் இறங்கும், அப்போது "இப்ப" என்றேன். எல்லாம் சரி. இரண்டாவது வண்டியில் ஏறினதும் ரேடியோவைப் போட்டான். சத்தமாக. ஏன் போட்டான்? இறுக்கம் வைத்த வண்டியில் கியர் இடுப்பெலும்பிலேயே தெரிந்தது, ரேடியோ இருந்தும் ஒன்றும் தப்பவில்லை, எல்லாவற்றுக்கும் "இப்ப, இப்ப" என்றேன். அவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்பதுதான் கேள்வி. நான் இப்போது "இறுக்கம்" என்று சொன்னால், ஆக கிழவனுக்குக் காலில் ஒன்றும் தெரியவில்லை, முதுகில் தட்டினால்தான் தெரிகிறது என்று முடிவு கட்டுவான். "சாஃப்ட்" என்று சொன்னால் அவன் சந்தோஷமாகத் துளையைத் தொடாமல் மாட்டிவிடுவான், நான் ஒன்றும் தெரியாமல் ஓட்டிக்கொண்டு போவேன், போய் ஒரு நாள் யாரையாவது இடிப்பேன், அதோடு முடியும். இரண்டு பக்கமும் கண்ணி. "நடுத்தரம்" என்று சொல்லலாம். நடுத்தரம் என்று சொல்கிறவனுக்கு இரண்டும் தெரியவில்லை என்று அர்த்தம்.

இடிப்பேன் என்று நினைத்தேனா இப்போது? தவில்காரன் பொன்னுலிங்கத்தை இடிக்கவில்லை. இடித்ததாக அவனும் சொல்லவில்லை. வண்டி எனக்குச் சோறு போடுவது மாப்பிள்ளை ஊர்வலத்தில்தான். கூரையை மடக்கி, பூ கட்டி, மாப்பிள்ளையைப் பின்சீட்டின் முதுகுமேல் உட்காரவைத்து, நடையைவிட மெதுவாகப் போக வேண்டும். எனக்கு முன்னால் நாதஸ்வரம், தவில். அவர்களுக்குப் பின்னால் கண் கிடையாது. என் பம்பருக்கும் அவர்கள் கெண்டைக்காலுக்கும் நடுவில் ஒரு முழம் இடம், அதைப் பிடித்துவைத்திருப்பது என் வலது கால். முக்குக்கு முக்கு நிற்பார்கள், அங்கே நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு இறங்கவே மாட்டார், மத்தாப்பு கொளுத்துவார்கள், நான் நியூட்ரலில் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். தவில் மறுபடி நடைக்கு இறங்குவது காதில் விழும், உடனே கியரில் போடுவேன். இத்தனை வருஷம் அப்படித்தான். ஆவணியில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கல்யாணம். தவில் நடைக்கு இறங்கியது, நான் கியரில் போட்டேன், பிரேக்கில் கால் இருக்கிறது என்றுதான் இருந்தேன். வண்டி நகர்ந்தது. பொன்னுலிங்கம் நகரவில்லை. அவன் வேட்டி பம்பரில் பட்டு மடங்கியதைப் பார்த்தேன், அதற்குள் நிறுத்திவிட்டேன். அடி ஒன்றுகூடத் தப்பாமல் வாசித்துக்கொண்டே அவன் திரும்பி, "என்னங்ணா, மாப்பிள்ளைக்கு அவசரம்னா சொல்லுங், நாங்க ஆட்டோ புடிச்சுப் போயிடறோம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையும் சிரித்தார், நானும் சிரித்தேன். வேட்டி பட்டதா, கால் பட்டதா? மண்டபத்தில் அவன் பந்திக்குப் போனபோது நடையைப் பார்த்தேன். நொண்டவில்லை. நொண்டாமல் நடக்கப் பார்க்கிறவனின் நடையா அது என்றும் பார்த்தேன். தெரியவில்லை. அந்தச் சிரிப்பு யார் யார் காதுக்குப் போயிருக்கும்? கல்யாண வீட்டாரிடம் பேசி நாள் பிடிக்கிறவள் தேன்மொழிதான், மேளக்காரர்களுக்குப் போன் போடுகிறவளும் அவள்தான். அவன் சொல்லியிருப்பான். சொல்லாமல் இருப்பானா? நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா? அவன் கால், அவன் சொல்லத்தான் வேண்டும்.

சுவரில் மாட்டியிருக்கிற ஸ்பேனர்கள் கிணுகிணுவென்று ஆடுகின்றன. ரயில் போகிறது. போத்தனூர்ப் பட்டறைகளில் ரயில் வருவதை முதலில் கால்தான் சொல்லும், தரை அதிரும், அப்புறம்தான் காது. எனக்கு இப்போது ஸ்பேனர் சொல்கிறது. குனிந்து பார்த்துக்கொண்டேன், இரண்டு செருப்பும் இருக்கின்றன. சட்டைப் பையில் ஏதோ குத்துகிறது. காலையில் வண்டியில் கிடைத்த ஊக்கு. தப்பாகப் பட்டதில் இதுதான் இரண்டாவது, இல்லை, மூன்றாவது. இரண்டாவது, வண்டியின் முன்சீட்டு. காலையில் என் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கின் அடி தொடையில் இடித்தது. முன்சீட்டு ஒரே நீளப் பலகை, அடியில் பல் வைத்த இரும்பு, என் இடம் கடைசிப் பல். பின்னால் தள்ளினேன், எண்ணினேன், நாலு பல் நகர்ந்திருந்தது. பெனடிக்ட் பார்த்துவிட்டு, "கிளீன் பண்றப்ப நகந்திருக்குமுங்க" என்றான். துடைக்கிற துணியா நாலு பல் நகர்த்தும்? அவனோ பட்டறைக் கதவில் தலை குனிந்து நுழைகிற ஆள், அவன் ஓட்டினால் சீட்டு பின்னால்தான் போகும். புதுப் பாக்ஸ் பழகட்டும் என்று வண்டியை ஒரு மாதமாக இங்கேயே வைத்திருக்கிறான். யாரோ குள்ளமான ஆள் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். வாங்குகிற ஆள் என்றுதான் முதலில் நினைத்தேன். தேன்மொழி வண்டியை விற்கப் போகிறாள், திருப்பூரிலிருந்து யாரோ பனியன் முதலாளி வந்து ஓட்டிப் பார்த்திருக்கிறான், அவனுக்கு எது பிடிக்கும் என்று தெரியாததால் என்னிடம் கேட்கிறார்கள், விலை படிய வேண்டுமே. அப்புறம் வெயிலுக்கு மறைப்பை இறக்கினபோது இந்த ஊக்கு, துணியில் குத்தி வைத்திருந்தது. கல்யாணப் பெண் யாராவது விட்டுப் போனதாக இருக்கும் என்று பையில் போட்டுக்கொண்டேன். இல்லையே. கல்யாணப் பெண் முன்சீட்டில் உட்கார மாட்டாள், அதுவும் ஸ்டியரிங் பக்கம். மறைப்புக்குத் துணி மாற்றியதே இந்த மாதம்தான். பனியன் முதலாளி ஊக்கு வைத்துக்கொள்வானா? ஊக்கை எடுத்துப் பார்த்தேன். சின்ன ஊக்கு, தலையில் பச்சைப் பூச்சு. எங்கள் வீட்டில் ஜன்னல் திரையில், காலண்டர் ஓரத்தில், நாற்காலிக் கைப்பிடித் துணியில், எங்கே கை வைத்தாலும் இது குத்தும். வெளியே கிளம்பும்போது ஒன்றை எடுத்துத் துப்பட்டாவைத் தோளில் இறுக்கிக் குத்துவாள், திரும்பினதும் கிடைத்த இடத்தில் குத்தி வைப்பாள். குள்ளமான ஆள். என் தோளுக்கு வருவாள்.

மெஷின் முதலில் உறுமியது, அப்புறம்தான் விளக்கு எரிந்தது. பெனடிக்ட் வாசலில் தலை குனிந்து உள்ளே வந்தான். "முடிவு பண்ணிட்டீங்களா ஐயா?" என்றான். ஊக்கை அந்த மூன்று டிரில் பிட்டுகளின் வரிசையில் நாலாவதாக வைத்தேன். "இது எந்தத் துளைக்கு, தம்பி?" அவன் ஊக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மெஷினை நிறுத்தினான். பொய் சொல்லப் போகிறான் என்று முகத்தையே பார்த்திருந்தேன். "தேன்மொழி அக்காவுதுங்க" என்றான். "எத்தனை நாளா?" "பாக்ஸ் மாட்டுன மறு வாரத்துலருந்துங்க. சாயங்காலம் வருவாங்க. உங்ககிட்ட கோயிலுக்குன்னு சொல்லிட்டு வருவாங்கன்னு நினைக்கறேன்." கோயிலுக்கு என்றுதான் சொன்னாள். விபூதிகூடக் கொண்டுவந்தாள். அந்த விபூதி எங்கேயிருந்து வந்தது என்பதைப் பிறகு யோசிக்கலாம். "எப்படி ஓட்டறா?" என்று கேட்டுவிட்டேன், கேட்க நினைத்தது வேறு. "பிரேக் சுத்தமா புடிக்கறாங்க. ரிவர்ஸ்லதான் வண்டியைத் திட்டறாங்க." "விக்கறதுக்கா?" "ஏனுங்கய்யா, விக்கற வண்டிய யாராச்சும் ஓட்டிப் பழகுவாங்களா? ஐப்பசி முகூர்த்தத்துக்குத் தயாராகறாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலீங்கறாங்க." ஐப்பசி. அப்படியானால் சித்திரையில் என் காலைப் பார்த்தபோதே தொடங்கியிருக்கிறது அவள் மனசில். எனக்குத் தெரியாமல் என் சீட்டை நாலு பல் தள்ளி. "அவதான் ஓட்டப் போறான்னா அவளைத்தானே கேக்கணும். என்னை எதுக்கு ஓட்டவெச்சே? ரேடியோ எதுக்குப் போட்டே?" "வண்டி உங்களுதுங்களே. ரேடியோவா? பாட்டுக் கேக்கத்தானுங்க" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன், பாட்டு கேட்கிற முகமாகத்தான் இருந்தது, ஆனாலும் அதை எண்ணிக்கையிலிருந்து எடுக்கவில்லை. "அக்காவையும் கேட்டனுங்க" என்றான். "சாஃப்ட்டா வைங்கன்னாங்க." மறுபடி அந்தச் சாஃப்ட். "ஏனாம்?" பிடரியைச் சொறிந்தான். "சொன்னா கோவிச்சுக்குவீங்க." "சொல்லு. வழுக்காம சொல்லு." அவன் டிரில் பிட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "இறுக்கமா வெச்சீங்கன்னா அப்பா பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு கியருக்கும் ஏதாச்சும் சொல்லிட்டே வருவாரு, என்னால முடியாது, மாறுறதே தெரியாத மாதிரி வெச்சுடுங்க பெனடிக்டுன்னாங்க."

பக்கத்துல உக்காந்துக்கிட்டு. இதை இவன் இட்டுக்கட்ட முடியாது. இது உப்பு ஜாஸ்தின்னா தின்னுட்டு எந்திரிங்க என்கிற குரல், சித்திரையிலிருந்து வீட்டில் கேட்காத குரல், இந்தப் பட்டறையில் இவனிடம் வந்து புழங்கிக்கொண்டிருந்திருக்கிறது. முதுகில் டொக்கென்று விழுந்தது. ஸ்டியரிங் போனதுதான் விழுந்ததா, பக்கத்து இடம் எனக்கென்று போட்டு வைத்திருப்பது விழுந்ததா, பிரித்துப் பார்க்க நேரமில்லை, இரண்டும் ஒரே துளை வழியாக வந்தன. பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன தெரியும்? பொன்னுலிங்கத்தின் முதுகு நன்றாகத் தெரியும். என் கால் எங்கே இருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அவள் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். சீட்டு ஒரே பலகை, அவளுக்காக நாலு பல் முன்னால் போனால் என் முழங்காலும் டேஷ்போர்டில் முட்டும். முட்டட்டும். "தம்பி, நியூட்ரல்ல இருந்து கியர்ல விழுற துளை எது?" என்றேன். காட்டினான். "அதைத் தொடாதே. அங்க தவில்காரன் நிக்கறான்." சரி என்றான். "ஒண்ணுலருந்து ரெண்டு, ரெண்டுலருந்து மூணு, அதெல்லாம்?" நான் வரிசையிலிருந்து பெரிய பிட்டை எடுத்து அவன் கையில் வைத்தேன். "அக்கா என்னைக் கேப்பாங்களே ஐயா." "கேக்கட்டும். என்னையும் வந்து கேக்கச் சொல்லு. சத்தமாக் கேக்கச் சொல்லு." அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தகட்டை இடுக்கியில் மாட்டினான். ஊக்கை எடுத்து மறுபடி பையில் குத்திக்கொண்டேன், மறைப்புத் துணியில் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும், நான் பார்த்தது அவளுக்குத் தெரியக் கூடாது. இல்லை, ஒரு விரல் தள்ளி வைக்க வேண்டும், பார்த்தேன் என்று தெரிய வேண்டும். மெஷின் இறங்கியது. வலது காலைச் செருப்பிலிருந்து எடுத்து வெறும் தரையில் அழுத்தி வைத்துப் பார்த்தேன். மெஷின் ஓடுகிறதா என்றே தெரியவில்லை. உள்ளங்கையை மேசைமேல் வைத்தேன். பிட் தகட்டைக் கவ்வுவது, திணறுவது, மறுபக்கம் வெளியே வருவது எல்லாம் கையில் தெரிந்தது. ஒன்று.